நாக்குக்கு அடியில் இரண்டு நிமிடம்

ஸ்டோரில் ஆணி மூட்டை நிறுக்கும் எடைமேடையில் அவரை ஏற்றி நிறுத்தியபோது, கட்டட சைட்டில் பாதிப் பேருக்கு அந்தப் பக்கம் அவசர வேலை வந்துவிட்டது. ஒருவன் சுத்தியல் கேட்டு வந்தான். இன்னொருவன் கையில் சுத்தியலை வைத்துக்கொண்டே சுத்தியல் கேட்டான். வீட்டில் இருக்கும் எடை மெஷின் அவர் ஏறினால் கோடு கோடாகக் காட்டிவிட்டு அணைந்துவிடும். அதனால்தான் இந்த ஏற்பாடு. ஸ்டோர்காரர் நெற்றியிலிருந்த கண்ணாடியை மூக்குக்கு இறக்கி, முள்ளை உற்றுப் பார்த்து, லாரிக்காரனிடம் சொல்லும் அதே குரலில் சொன்னார். "நூத்தி முப்பத்திரண்டு!"

பெற்றவர்கள் வைத்த பேர் அவருக்குச் சம்பளச் சீட்டில் மட்டும் மிச்சம் இருந்தது. சைட்டில் எல்லோருக்கும் அவர் மலை. டவர் கிரேன் ஓட்டுபவர். இருபத்திரண்டு வருடமாகக் கனத்தைத் தூக்கி இறக்கியே பிழைத்தவர். கம்பிக் கட்டோ, பலகையோ, கான்கிரீட் தொட்டியோ, தரையை விட்டு ஒரு சாண் எழும்பியதும் மோட்டார் முனகும் முனகலை வைத்தே இத்தனை கிலோ என்று சொல்லிவிடுவார். கேபினில் இருக்கும் மீட்டர் பிறகுதான் அதை ஆமோதிக்கும். இப்படி ஊர்ப்பட்ட கனத்தையெல்லாம் காதாலேயே நிறுத்த மனிதர், தன் கனத்தை மட்டும் ஏழெட்டு வருடமாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. தெரிந்து என்ன ஆகப்போகிறது என்று இருந்துவிட்டார்.

இருக்க விடாதவள் புதிதாக வந்த சேஃப்டி மேடம். வயது முப்பதுகூட இருக்காது. சைட்டின் பாதுகாப்புக்குப் பொறுப்பு என்று வந்த முதல் வாரமே ஏணியை எண்ணினாள், கயிற்றைத் தடவிப் பார்த்தாள், நாலு பேரிடம் ஹெல்மெட்டைக் கழற்றி முகர்ந்துகூடப் பார்த்தாள் என்று சொன்னார்கள். அன்றைக்கு எடைமேடையிலிருந்து மலை இறங்கி, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டதும், அவரைத் தனியே கூப்பிட்டாள்.

"அண்ணா, மேல இருக்கும்போது உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா உங்களை எப்படிக் கீழ இறக்குவோம்னு யோசிச்சிருக்கீங்களா?"

"அதை நான் ஏன் யோசிக்கணும்? ஏதாவது ஆச்சுன்னா போய்ச் சேருவேன்."

"நீங்க போய்ச் சேருவீங்க. உங்களைத் தூக்க மேல வர்ற ரெண்டு பேரும் கூடவே போய்ச் சேரக்கூடாது இல்லையா?"

பிறகு ஒரு சிவப்புப் பையைத் திறந்து காட்டினாள். உள்ளே மடித்த ஸ்ட்ரெச்சர், கயிறு, பூட்டுகள். மயங்கி விழுந்தவரை ஸ்ட்ரெச்சரில் கட்டி, கேபினுக்கு வெளியே உள்ள தட்டிலிருந்து நேராகத் தரைக்கு இறக்கும் ஏற்பாடு. ஓரத்தில் தைத்திருந்த துணியில் நூற்றிருபது கிலோ என்று அச்சடித்திருந்தது. ஆறு மாதத்தில் பெரிய ஆய்வு வருகிறது. அதற்குள் மலை அந்த எண்ணுக்குக் கீழே வந்தாக வேண்டும், இல்லாவிட்டால் கேட்டில் உட்கார்ந்து வருகிறவர் போகிறவர் பேரை எழுதும் வேலை. இதைச் சொல்லும்போது அவள் குரலில் மிரட்டல் இல்லை. அதுதான் மலைக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

கேட் வேலை ஒன்றும் கேவலமில்லை. ஆனால் கேபினில் அவருக்கு என்ன இருந்தது என்பது அவருக்கு மட்டும் தெரியும். தரையில் எங்கே போனாலும் அவர் உடம்பு அவருக்கு முன்னால் போகும். பஸ்ஸில் ஏறினால் பக்கத்து இருக்கைக்காரர் ஜன்னலோரம் ஒடுங்குவார். நாற்காலியைக் கண்டால் அதன் காலை முதலில் பார்ப்பார். சாப்பிட வாயைத் திறந்தால் நாலு பேர் தட்டை எட்டிப் பார்ப்பார்கள். பதினைந்து மாடி உயரத்தில், கண்ணாடிக் கூண்டுக்குள், அந்தத் தொல்லை எதுவும் இல்லை. அங்கே அவர் இரண்டு கைகள், இரண்டு கண்கள், அவ்வளவுதான். ஒரு டன் கம்பியைக் குழந்தையைக் கட்டிலில் படுக்கவைப்பதுபோல இறக்கி வைப்பார். உலகத்தில் அவர் குண்டாக இல்லாத ஒரே இடம் அது.

டாக்டரம்மா ரத்தம், இதயம் எல்லாம் பார்த்துவிட்டு, உடம்பு இளைக்க வாரம் ஒரு ஊசி எழுதினார். வீட்டிலேயே போட்டுக்கொள்ளலாம், பேனா மாதிரிதான் இருக்கும் என்று நர்ஸ் மூடியைக் கழற்றிக் காட்டினாள். மலை அந்த நுனியைப் பார்த்தார். அடுத்து அவர் பார்த்தது கூரை மின்விசிறியை. விழுந்தவரைத் தூக்க நாலு பேர் வேண்டியிருந்தது, அதில் ஒருவர் மருந்து வாங்க வந்த நோயாளி. கூடப் போயிருந்த மனைவிக்கு முதலில் பதற்றம், பிறகு வெட்கம், வீட்டுக்கு வரும் வழியில் சிரிப்பு. "வானத்துல தொங்கற மனுஷனுக்கு இத்தனூண்டு ஊசியா?" என்று மூன்று தரம் கேட்டாள்.

அதனால்தான் சொட்டு மருந்து. நாக்குக்கு அடியில் விட்டு இரண்டு நிமிடம் அப்படியே வைத்திருக்க வேண்டும். பேசக் கூடாது, விழுங்கக் கூடாது. காலையில் வெறும் வயிற்றில்.

"ஊசி அளவுக்கு இதுக்கு நிரூபணம் இல்லை. எல்லாருக்கும் வேலை செய்யும்னு நான் சொல்லமாட்டேன்," என்றார் டாக்டரம்மா. "மாசாமாசம் வந்து காட்டணும். ஒத்துக்கலைன்னா நிறுத்திடுவேன். சாப்பாடு, நடை ரெண்டையும் மருந்து தலையில கட்டிடாதீங்க. என்ன வேலை பாக்கறீங்க?"

"உக்காந்து பாக்கற வேலைதான்," என்றார் மலை. மனைவி அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் சுவரில் இருந்த குடல் படத்தை ரசித்துக்கொண்டிருந்தார்.

முதல் மாதம் மருந்து அவரைப் படுத்தி எடுத்தது. குமட்டல், ஏப்பம், காரணமில்லாமல் ஒரு சோர்வு. ஒரு நாள் முற்பகலில் கம்பிக் கட்டு பாதி வழியில் தொங்கும்போது வயிறு புரட்டிக்கொண்டு வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அதை இறக்கி வைத்துவிட்டு, வாக்கி டாக்கியில் "காத்து அதிகமா இருக்கு, பத்து நிமிஷம் நிறுத்தறேன்" என்று சொல்லிக் கண்ணை மூடிக் கிடந்தார். காற்று அதிகமானால் கிரேனை நிறுத்துவது சட்டம், யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். அன்றைக்குக் கீழே காய்ந்த துணிகூட அசையவில்லை.

பிறகு ஒரு நாள், எப்போது என்று சொல்லத் தெரியவில்லை, உள்ளே ஏதோ ஒன்று அடங்கியது. பசி அடங்கியது என்று சொன்னால் போதாது. காலைச் சாப்பாடு முடியும்போதே மத்தியானத்தைப் பற்றி, மத்தியானம் முடியும்போதே ராத்திரியைப் பற்றி, டப்பாவில் மிச்சம் என்ன, அலமாரியில் ரொட்டி இருக்கிறதா என்று வருடக்கணக்கில் காதுக்குள் நச்சரித்துக்கொண்டிருந்த ஒரு ஆள் திடீரென்று வீட்டைக் காலி செய்துகொண்டு போன மாதிரி இருந்தது. அந்த ஆள்தான் தான் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தார். சாப்பாட்டு டப்பாவில் இரண்டு பிடி சோறும் ஒரு முட்டையும் மிச்சம் வந்தன. மனைவி டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு அதைக் கழுவப் போட்டாள். கழுவும்போது கொஞ்சம் அழுதாள். துக்கத்தில் இல்லை.

அவள் தையல் கடையில் துணி சரிசெய்யும் வேலையில் இருந்தாள். ஊரார் இடுப்பைப் பிடிப்பதும் விடுவதும்தான் வேலை. இருபது வருடமாக அவர் பேன்ட்டை விட்டுக்கொண்டே வந்தவள், கல்யாணத்துக்குப் பிறகு முதல்முறையாகப் பிடிக்க ஆரம்பித்தாள். மாதம் ஒரு தரம் அவரை நிற்கவைத்து, சாக்குக்கட்டியால் கோடு போட்டு, குண்டூசி குத்துவாள். "குண்டூசிக்குப் பயம் இல்லையே?" என்று கேட்டுவிட்டுத்தான் குத்துவாள்.

இத்தனையும் சைட்டில் ஒரு ஈ, எறும்புக்குத் தெரியாது. மலை பட்டினி கிடந்து இளைக்கிறார் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவரும் அதை மறுக்கவில்லை. மருந்து என்று சொன்னால் ஊசி ஏன் இல்லை என்று கேட்பார்கள், ஊசி என்று வந்தால் மின்விசிறிக் கதை வெளியே வரும். விசிலிடம்கூடச் சொல்லவில்லை.

விசில் யார் என்று சொல்லியாக வேண்டும். கீழே நின்று கிரேனுக்கு வழி சொல்பவர் அவர். கேபினிலிருந்து பார்த்தால் பல இடங்கள் தெரியாது. சுவருக்குப் பின்னால், தூணுக்கு நடுவில் எங்கே இறக்குவது என்று வாக்கியில் சொல்ல ஓர் ஆள் வேண்டும். தூக்குண்ணே, மெதுவா, இன்னும் ஒரு அடி, போதும். பதினோரு வருடமாக மலையின் காதுக்குள் இருக்கும் குரல் அது. கழுத்தில் எப்போதும் ஒரு விசில் தொங்கும். லோடு வரும் பாதையில் யாராவது வந்தால் ஊதித் தீர்த்துவிடுவார், அதனால் அந்தப் பேர். மலை காலையில் எல்லோருக்கும் முன்னால் ஏறிவிடுவார், கடைசியில்தான் இறங்குவார், ஆகவே இரண்டு பேரும் நேருக்கு நேர் பேசிக்கொண்டது குறைவு. குரல்தான் சிநேகம். ஒரு தரம்கூட விசில் மேலே ஏறி வந்ததில்லை. வந்து பாருய்யா என்று கூப்பிட்டால், மூட்டுவலி என்பார்.

நாலாம் மாதத்தில் மலைக்கு ஒரு லாபம் தெரிந்தது. ஏணி ஏற முன்பு அவருக்கு இருபத்தைந்து நிமிடம் ஆகும். தட்டுக்குத் தட்டு நின்று, கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்க வேண்டும். இப்போது பதினைந்து நிமிடத்தில் கேபின் கதவைத் திறந்துவிட்டார். மிஞ்சிய பத்து நிமிடம் முழுக்க அவருடையது. அதனால் மருந்தைக் கேபினுக்குக் கொண்டுவந்துவிட்டார். இருக்கையில் உட்கார்ந்து, சொட்டுகளை நாக்குக்கு அடியில் விட்டு, வாயை மூடிக்கொண்டு வெளிச்சம் ஒவ்வொரு கூரையாக ஏறுவதைப் பார்ப்பார். அந்த இரண்டு நிமிடத்தில் எதுவும் வேண்டும் என்று தோன்றாது. நல்லா இருக்கேன் என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வார். யாரிடம் சொல்கிறோம் என்று தெரியாவிட்டாலும் சொல்வார்.

ஐந்தாம் மாதம் ஒரு நாள் கான்கிரீட் வண்டி அரை மணி நேரம் முன்னால் வந்துவிட்டது. மலை அப்போதுதான் மருந்தை விட்டுக்கொண்டு மூடியைப் போடப் போனார். மூடி விரலில் நழுவி, இருக்கைக்கு அடியில் உருண்டு, காலுக்கு முன்னாலிருந்த கண்ணாடித் தரையின் ஓரத்தில் போய் நின்றது. கேபினில் கால் வைக்கும் இடம் கண்ணாடி, கீழே நேராகப் பார்ப்பதற்காக. மலை குனிந்தார்.

இதில் ஒரு விஷயம் இருக்கிறது. மலையால் குனிய முடியாது என்பது சைட் முழுக்கத் தெரியும். கீழே விழுந்த பேனாவைக்கூட யாராவதுதான் எடுத்துக் கொடுப்பார்கள். இப்போது முடிகிறது என்பது அவருக்கே அந்தக் கணத்தில்தான் தெரிந்தது. வயிறு வழிவிட்டது. கை நீண்டது. சந்தோஷத்தில் இன்னும் கொஞ்சம் குனிந்து, வழுக்கைத் தலை கண்ணாடியில் முட்ட, மூடியைத் தேடித் துழாவினார்.

"அண்ணே, வண்டி வந்துடுச்சு. தொட்டியை இறக்குங்க," என்றது வாக்கி.

மலைக்குக் கேட்டது. வாயில் மருந்து. இன்னும் ஒன்றரை நிமிடம். ஒன்றரை நிமிடத்தில் உலகம் ஒன்றும் கவிழ்ந்துவிடாது என்று நினைத்தார்.

"அண்ணே? மேல கேக்குதா? அண்ணே!"

மூன்று தரம் கூப்பிட்டுப் பதில் இல்லையென்றால் ஆபத்து என்று எடுத்துக்கொள்ள வேண்டும். இது சேஃப்டி மேடம் எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்த விதி. கீழே விசில் நிமிர்ந்து பார்த்தார். குனியவே முடியாத மனிதர் கண்ணாடித் தரையில் தலை சாய்ந்து கிடந்தால், அதற்கு என்ன அர்த்தம்?

மலை மூடியை எடுத்து, நிமிர்ந்து, நேரம் பார்த்து, மருந்தை விழுங்கிவிட்டு வாக்கியை எடுத்தார். பேச முடியவில்லை. யாரோ பட்டனை அழுத்திப் பிடித்திருந்தார்கள். ஒருவர் அழுத்திப் பிடித்தால் மற்ற எல்லோரும் கேட்டுக்கொண்டுதான் இருக்க வேண்டும், வாக்கியின் வழக்கம் அது. முதலில் வெறும் மூச்சு வந்தது. இரும்பில் செருப்பு தட்டும் சத்தம். பிறகு குரல்.

"அண்ணே... தூங்கிடாதீங்க... ஏறிட்டு இருக்கேன்... ரெண்டாவது தட்டு தாண்டிட்டேன்..."

மலைக்கு ஒன்றும் விளங்கவில்லை. கீழே பார்த்தார். விசில் நிற்கும் இடத்தில் விசில் இல்லை.

"மூட்டுவலின்னு சொன்னதெல்லாம் பொய்ணே... எனக்கு ஏணியைப் பாத்தாலே பயம்... நீங்க சிரிப்பீங்கன்னு சொல்லல... கண்ணை மூடாதீங்கண்ணே... நீங்க இல்லாம நான் யாருக்கு தூக்கு, இறக்குன்னு சொல்றது... ஐயோ, கீழ பாத்துட்டேன்..."

அதற்குப் பிறகு குரல் நின்றுவிட்டது. மூச்சு மட்டும் வந்தது. மலை பட்டனை அழுத்தி அழுத்திப் பார்த்தார். "எனக்கு ஒண்ணும் இல்லைய்யா" என்று கண்ணாடியைப் பார்த்துக் கத்தினார். பிறகு வாக்கியைப் பையில் செருகிக்கொண்டு இறங்க ஆரம்பித்தார். அவ்வளவு வேகமாக அவர் வாழ்க்கையில் இறங்கியதில்லை.

மூன்றாவது தட்டில் விசில் ஒரு இரும்புத் தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, கண்ணை இறுக மூடி நின்றார். நெஞ்சுக்கும் தூணுக்கும் நடுவில் வாக்கி மாட்டிக்கொண்டு, பட்டன் அழுந்தியபடியே இருந்தது. 

"யோவ். நான்தான்யா."

விசில் ஒரு கண்ணைத் திறந்தார். "உயிரோடயா இருக்கீங்க?"

"இருக்கேன். வாயில மருந்து இருந்துச்சு. ரெண்டு நிமிஷம் பேசக்கூடாது. அதான்."

"என்ன மருந்து?"

"உடம்பு இளைக்க." மலை ஒரு கணம் யோசித்தார். இந்த ஆள் இவ்வளவு சொன்ன பிறகு மறைப்பது நியாயமில்லை என்று பட்டது. "ஊசிதான் எழுதினாங்க. பாத்ததும் மயக்கம் போட்டு விழுந்துட்டேன். அதான் நாக்குல விடற சொட்டு."

விசில் இரண்டாவது கண்ணையும் திறந்தார். "ஊசிக்கா? நீங்களா?"

கீழேயிருந்து ஒரு பெருஞ்சிரிப்பு எழுந்து வந்தபோதுதான், பட்டன் இன்னும் அழுந்தியிருக்கிறது, சைட் முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்கிறது என்பது இரண்டு பேருக்கும் உறைத்தது. மானம் கப்பலேறிய பிறகு பயத்துக்கு இடம் இல்லை. மலை ஒரு படி கீழே நின்று, விசிலின் காலை ஒவ்வொன்றாகப் பிடித்து அடுத்த படியில் வைத்தார். வலது கால், இன்னும் கொஞ்சம், வெச்சாச்சு, இப்ப இடது. முப்பது படி தாண்டியதும் விசில் சொன்னார், "நல்லாத்தான் சொல்றீங்க வழி."

தரையில் சிரிக்காதவள் சேஃப்டி மேடம் ஒருத்திதான். சிவப்புப் பை திறந்து கிடந்தது. பெல்ட் மாட்டிய இரண்டு பேர் ஏணியில் கால் வைக்கத் தயாராக நின்றார்கள். அவர்களை அனுப்பலாமா என்று முடிவு செய்ய வேண்டியவள் அவள். பையின் வாரை அவள் இன்னும் விடாமல் பிடித்திருந்தாள்.

"இன்னைக்கு உங்க எடை என்ன?"

"நூத்தி இருபத்திரண்டரை."

அவள் பக்கத்தில் இருந்த மணல் மூட்டையில் உட்கார்ந்துவிட்டாள். "தாங்காதுன்னு தெரிஞ்சே இவங்களை அனுப்பப் போனேன்," என்றாள், தனக்குச் சொல்லிக்கொள்வதுபோல. பிறகு நிமிர்ந்தாள். "காத்தே இல்லாத அன்னைக்குக் காத்து அதிகம்னு நிறுத்தினீங்களே. அதுவும் இதனாலதானா?"

பொய் சொல்ல மலைக்கு வாய் வரவில்லை. தலையை ஆட்டினார். அவள் கேபின் சாவிக்காகக் கையை நீட்டினாள். டாக்டர் கடிதம் வரும்வரை மேலே ஏறக் கூடாது. ஆய்வுக்கு இன்னும் மூன்று வாரம்தான் இருந்தது. ஏற்கெனவே கேட்டில் ஒரு நாற்காலி போட்டுவிட்டதுபோல் மலைக்குத் தெரிந்தது. அதன் காலைக்கூட அவர் மனசு பார்த்துவிட்டது.

ஆனால் கோபம் வரவில்லை. அதுதான் அவருக்கே ஆச்சரியம். அன்று சாயங்காலம் மனைவி பேன்ட்டைப் பிடித்துக் குண்டூசி குத்திக்கொண்டிருக்கும்போது சொன்னார். "இருபத்திரண்டு வருஷம், எத்தனை கம்பெனி. எவ்வளவு சீக்கிரம் ஏறுவே, ஒரு நாளைக்கு எத்தனை லோடு தூக்குவேன்னுதான் எல்லாரும் கேட்டாங்க. நீ எப்படிக் கீழ வருவேன்னு கேட்டது அந்தப் பொண்ணு ஒருத்திதான்."

மனைவி வாயில் வைத்திருந்த ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்தாள். "நான் தினம் கேட்டுட்டுதானே இருக்கேன்."

"நீ என்ன கேட்டே?"

"சாயங்காலம் எத்தனை மணிக்கு வருவீங்கன்னு."

 அவள் மறுபடி ஊசிகளை வாயில் வைத்துக்கொண்டு குனிந்துவிட்டாள். அவள் உச்சந்தலையில் வெள்ளை கூடியிருந்ததை இப்போதுதான் பார்த்தார். குனிந்து பார்க்க முடியாத காலத்தில் இதையெல்லாம் பார்க்காமலே இருந்துவிட்டோம் என்று தோன்றியது. நல்லா இரும்மா என்று சொல்ல வந்து, "நல்லா குத்து" என்றார்.

டாக்டரம்மா விஷயம் கேட்டதும் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "உக்காந்து பாக்கற வேலைன்னு சொன்னீங்க."

"உக்காந்துதான் பாக்கறேன் டாக்டர். கொஞ்சம் உயரத்துல."

அவர் சிரிக்கவில்லை. மறைத்ததற்கு நன்றாகத் திட்டினார். ரத்த அழுத்தம் உட்கார்ந்து ஒரு தரம், நின்று ஒரு தரம் பார்த்தார், ரத்தம் எடுக்கச் சொன்னார். ரத்தம் எடுக்கும்போது மலை மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு சுவரையே பார்த்தார், விழவில்லை. பத்து நாள் பார்த்த பிறகு கடிதம் வந்தது. மருந்து வீட்டில் மட்டும், அதன்பின் ஒரு மணி நேரம் கழித்தே ஏணி, லேசாகத் தலை சுற்றினாலும் அன்றைக்கு இறங்கிவிட வேண்டும், சைட்டில் சொல்லியாக வேண்டும்.

அந்த நாட்களில் வேறொருவர் கிரேன் ஓட்டினார். மலை கீழே விசிலின் பக்கத்தில் நின்றார். விசில் நாள் முழுக்க அண்ணாந்து பார்ப்பதையும், வெயில் கண்ணில் அடிப்பதையும், மத்தியானம் ஆனதும் பையிலிருந்து தைலத்தை எடுத்துப் பின்கழுத்தில் தேய்த்துக்கொள்வதையும் அப்போதுதான் பார்த்தார். காதுக்குள் அவ்வளவு சுலபமாக வந்த குரல் இப்படி ஒரு கழுத்திலிருந்து வந்திருக்கிறது. தைல டப்பாவை வாங்கி அவரே இரண்டு நாள் தேய்த்துவிட்டார். விசில் நெளிந்தார். "பாக்கறவங்க என்னண்ணே நினைப்பாங்க?" "ஊசிக் கதையே ஊருக்குத் தெரிஞ்சுபோச்சு. இனிமே என்ன நினைச்சா என்ன?" என்றார் மலை.

ஆய்வுக்கு இரண்டு நாள் முன்னால் மறுபடி எடைமேடை. ஷூவோடு, ஹெல்மெட்டோடு ஏறச் சொன்னாள் சேஃப்டி மேடம். கழற்றிட்டு ஏறட்டுமா என்று கேட்டதற்கு, "இறக்கும்போது அதையெல்லாம் கழட்டிட்டா இறக்கப்போறோம்?" என்றாள். ஸ்டோர்காரர் முள் நிற்கும்வரை காத்திருந்தார். நூற்றுப் பத்தொன்பது. கூட்டம் கைதட்டியது. அவள் எழுதிக்கொண்டாள். எழுதி முடித்தும் புத்தகத்தை மூடவில்லை.

"எடை சரி. கயிறு என்ன சொல்லுதுன்னு பாக்கணும். உங்களைக் கட்டி இறக்கிப் பாத்தாதான் நான் கையெழுத்துப் போடுவேன். சம்மதமா?"

 பதினைந்து மாடி உயரம் மலைக்குப் பழகிய வீடு. ஆனால் அங்கே எப்போதும் லீவர் அவர் கையில் இருக்கும். கை கட்டிக் கிடந்து இறங்கியதில்லை. "சம்மதம்," என்றார்.

மறுநாள் காலை காற்று இல்லை, உண்மையாகவே இல்லை. கேபினுக்கு வெளியே தட்டில் அவரை ஸ்ட்ரெச்சரில் படுக்கவைத்து, நெஞ்சு, இடுப்பு, முழங்கால் என்று வரிசையாக வார் போட்டு இறுக்கினார்கள். கீழே ஆள் நெருங்காமல் சுற்றிலும் நாடா கட்டியாகிவிட்டது என்று வாக்கியில் சொன்னார்கள். சேஃப்டி மேடம் ஒவ்வொரு பூட்டையும் இழுத்துப் பார்த்தாள். மூன்றாம் தரம் இழுத்துப் பார்த்தபோது மலை சொன்னார், "மேடம். ரொம்ப நன்றி."

"கீழ போய்ச் சொல்லுங்க அண்ணா," என்றாள். உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

தட்டின் விளிம்பு முதுகுக்கு அடியிலிருந்து போனது. ஒரு குலுக்கல், கயிறு இழுத்துப் பிடித்துக்கொண்டது. வானம் மட்டும் தெரிந்தது. இத்தனை வருடம் ஓட்டிய கிரேனின் நீண்ட கையை அடியிலிருந்து அவர் பார்த்ததே இல்லை. அது பாட்டுக்கு அமைதியாக நீண்டு கிடந்தது. மேலே கயிற்றை விடுகிறவனின் வாக்கியிலும், தன் நெஞ்சின் மேல் கட்டியிருந்த வாக்கியிலும் விசிலின் குரலே வந்தது. "இறக்கு. மெதுவா. சீரா வருது. இறக்கு." கான்கிரீட் தொட்டிக்குச் சொல்லும் அதே குரலில் சொல்ல முயன்று, தொட்டிக்கு நடுங்காத இடத்தில் நடுங்கியது. பயம் வரும் வரும் என்று மலை காத்திருந்தார். வரவில்லை. தன்னைத் தூக்கிச் சுமப்பது இப்போது தன் வேலை இல்லை என்பது அவ்வளவு நிம்மதியாக இருந்தது. கண்ணில் நீர் வந்தது, துடைக்கக் கை இல்லை, அது காதுப் பக்கம் வழிந்து போனது.

இரண்டு மாடி உயரம் மிஞ்சியபோது தலையைக் கொஞ்சம் திருப்ப முடிந்தது. தரை தெரிந்தது. நாடாவுக்கு அந்தப் பக்கம் சைட்டே நின்றது. நாடாவுக்கு இந்தப் பக்கம், நேராக அவருக்குக் கீழே, விசில் நின்றுகொண்டிருந்தார். தொங்குகிற எதற்கும் அடியில் ஒருவரும் நிற்கக் கூடாது என்று பதினோரு வருடம் எல்லோரையும் ஊதி விரட்டிய மனிதர். மேலேயிருந்து சேஃப்டி மேடத்தின் குரல் வாக்கியில் கத்தியது. "அடியில யார் அது? வெளிய வாங்க! வெளிய வாங்கன்னு சொல்றேன்ல!"

விசில் நகரவில்லை. வாக்கியை வாயால் கவ்விக்கொண்டு, இரண்டு கைகளையும் மேலே நீட்டி, விரல்களை அகல விரித்து, நூற்றுப் பத்தொன்பது கிலோவைப் பிடித்துவிடப் போகிறவர்போல நின்றார்.